நஞ்சு மடிக்கு ஏறுமா?

விழுப்புரம் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நான் ஓய்வு பெறவில்லை. வேலைக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, தலையில் முடியெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கிறது. கோலியனூர்ப் பக்கத்து மருந்தகத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். என் இடத்துக்கு வருகிறவருக்கு, நாற்காலியின் இடது முன்கால் ஆடும், கீழே அட்டை மடித்து வைத்திருக்கிறேன், பெருக்கும்போது எடுத்துவிடாதீர்கள் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

இந்த ஆறு வருடத்தில் நான் சரியாகச் செய்தவையும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி உங்களுக்குப் பயனில்லை. அதெல்லாம் நாம் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஐந்து நாள் விடாமல், மிகுந்த நம்பிக்கையோடு, தப்பாகச் செய்த ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பச்சையம்மா அக்காவை என் இடத்துக்கு வருகிறவர் முதல் வாரமே சந்தித்துவிடுவார். வாசலில் கூட்டம் நிற்கும்போது எல்லோர் தலைக்கும் மேலாக ஒரு குரல் வரும். "சார், டீ குடிச்சிட்டீங்களா, இல்ல நாங்க போயி குடிச்சிட்டு வரட்டா?" அதுதான் அவர். வீட்டில் மூன்று பால் ஆடுகள். அதில் பெரியது வெள்ளச்சி. தொங்கு காதும் வெள்ளை உடம்புமாகத் தலைச்சேரி ஆடு. நல்ல நாளில் அதன் பால் வீட்டுக்குப் போக, தெருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கும் போகும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், பொங்கல் கழிந்த மறுவாரம் நடந்தது இது. பொங்கல் முடிந்தால் அந்தத் தெருவுக்கு வேன் வரும். அக்காவும் அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனும் சட்டி பானையோடு ஏறிக் கரும்பு வெட்டப் போவார்கள். ஆலைக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டு, சித்திரை பிறந்த பிறகுதான் திரும்புவார்கள். முந்தைய வருடம் மகளையும் கூட்டிப்போனார்கள். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதப் பள்ளிக்கூடம் போயிற்று. இது நடந்தபோது அவள் ஒன்பதாவது. இந்த வருடம் வேனில் ஏறமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார்.

"ஆட்ட வெச்சிக்கினு நானும் பொண்ணும் இங்கயே இருக்குறோம். நீ போயிட்டு வா."

ஏழுமலை அண்ணனும் சரி என்றுதான் இருந்தார். வெள்ளச்சி மூன்று குட்டி போட்டதும் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாராம். எட்டாம் நாள் மடி வீங்கியது. பேச்சு மாறிவிட்டது. "மடி செத்துப் போன ஆட்ட வெச்சிக்கினு நீ இங்க இன்னா பண்ணப் போற? வெள்ளிக்கிழம செஞ்சி சந்தைக்கு ஏத்திடறேன். மத்த ரெண்டையும் என் தங்கச்சி வூட்ல வுட்டுடலாம். சனிக்கிழம வேன் வருது, கெளம்பு."

நான் முதலில் போனது அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சந்தைக்கு ஆறு நாள் இருந்தது.

மடி இரண்டு பக்கமும் வீங்கி, சூடாக இருந்தது. பால் தண்ணீராக வந்தது, நடுவே தயிர்த்துணுக்குகள். பாலில் சோதனைத் திரவத்தை ஊற்றி ஆட்டினேன். கேப்பைக்கூழ் மாதிரி கெட்டியாகிவிட்டது. மடிநோய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நான் ஒழுங்கான ஆள் என்று காட்டிக்கொள்ள, புத்தகத்தில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அந்த உரையாடலை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன். எந்த இடத்தில் நான் கோட்டைவிட்டேன் என்று நீங்களே பாருங்கள்.

"நஞ்சு விழுந்துடுச்சாக்கா?"

"வுழுந்துட்சி சார். மறுநாளு மத்தியானம் வுழுந்துட்சி."

"பின்னாடி சுத்தமா இருக்கா?"

"சுத்தமா இருக்குது சார். காலையிலதான் கழுவுனேன்."

"தீனி எடுக்குதா?"

"மல்லாட்டக் கொடி வெச்சா மோந்து பாத்துட்டுப் படுத்துக்குது."

நான் நோட்டில் இப்படி எழுதினேன்: நஞ்சுக்கொடி விழுந்துவிட்டது. பின்புறம் சுத்தம். வேர்க்கடலைக் கொடியைக்கூடத் தின்னவில்லை, தீனி குறைவு.

நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் விழவேண்டியது. அது மறுநாள் மத்தியானம்தான் விழுந்தது என்று அவர் சொன்னது என் காதில் விழவில்லை. காலையில் கழுவினேன் என்று சொன்னதும் விழவில்லை. கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்ததும் என் காது மூடிக்கொண்டுவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காது நோய் வரும். ஊசி கிடையாது.

பையை மூடும்போது அக்கா சொன்னார்: "எனக்கு இன்னா தோணுதுன்னா சார், நஞ்சு மடிக்கு ஏறிட்சி."

அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் எடுத்தேன். அவருடைய மகளின் சாக்பீஸ் ஒன்று ஜன்னலில் இருந்தது. அதை எடுத்து, ஆட்டுக்கொட்டகைச் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, பெரிய ஆடு ஒன்று வரைந்தேன். வயிற்றுக்குள் கர்ப்பப்பை. கீழே மடி. படம் நன்றாகவே வந்தது.

"இங்க பாருங்கக்கா. குட்டி இருந்தது இந்தப் பையில. நஞ்சு இருந்ததும் இதே பையில. மடி தனியா இங்க இருக்கு. இதுக்கும் அதுக்கும் நடுவுல குழாய் கிடையாது. குழாயே இல்லாம நஞ்சு எப்படி ஏறும்?"

அக்கா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு பக்கமாகவும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ரத்தம் ரெண்டு எடத்துக்கும் போவுதில்ல சார்?"

"அது வேறக்கா" என்றேன்.

எப்படி வேறு என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். என் அம்மா வல்லம் பக்கத்தில் ஆடு மேய்த்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 'நஞ்சு ஏறிட்சி' என்பது எங்கள் வீட்டிலும் புழங்கிய பேச்சு. கல்லூரியில் முதல் வருட வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்கு அம்மா சொல்வதை அப்படியே சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து வீட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்க ஆரம்பித்தேன். நான்கு வருடம் சிரமப்பட்டுக் கழற்றியதை ஒருவர் ஆட்டுக்கொட்டகையில் வைத்து மறுபடி என் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தப் படம் அக்காவுக்காக வரைந்தது இல்லை. சிரித்த அந்த அறைக்காக வரைந்தது.

ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தேன். மருந்து ஏற்றும் முன் இரண்டு காம்பிலிருந்தும் சுத்தமான சீசாக்களில் தனித்தனியாகப் பால் எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமை திண்டிவனத்தில் கூட்டம் இருந்தது. அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் என்னோடு படித்தவள் வேலை பார்த்தாள். அவள் பெயரை எழுதினால் போன் போட்டுத் திட்டுவாள். அதனால் எழுதவில்லை. சீசாக்களை அவளிடம் கொடுத்தேன்.

"இன்னாடா, பால்கோவா செய்யலாம் போல இருக்கு?" என்றாள் சீசாவைத் தூக்கிப் பார்த்து.

"கிருமி எதுன்னு மட்டும் சொல்லு. மருந்த மாத்திடறேன்."

ஞாயிறு, திங்கள் சாயங்காலம், செவ்வாய், புதன் காலை என்று தினமும் போனேன். காம்பில் மருந்து ஏற்றினேன், ஊசி போட்டேன். ஒவ்வொரு நாளும் அக்கா ஆட்டைப் பளபளவென்று நிறுத்தி வைத்திருப்பார். கொட்டகை முழுக்கச் சாம்பிராணி வாசனை. நல்ல பராமரிப்பு என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கவில்லை. குட்டிகள் முட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தின. மற்ற ஆட்டின் பாலை சீசாவில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் அக்கா. கடைக்குட்டி மட்டும் சீசாவைக் கவ்வத் தெரியாமல் அவர் புடவை முந்தானையைச் சப்பும்.

செவ்வாய்க்கிழமை ஏழுமலை அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கோபமே இல்லை. அதுதான் பேஜாராக இருந்தது. "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. வந்து வந்துதான் போறீங்க. விடுங்க, வெள்ளிக்கிழம நான் பாத்துக்கறேன்" என்றார். கையில் புதுக் கயிறு இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது.

"ஒண்ணும் வளரலடா."

"இன்னா ஒண்ணும் வளரல?"

"கிருமி. ரெண்டு சீசாலயும். தட்டு சுத்தமா இருக்கு, வேணும்னா அதுல சோறு போட்டுத் திங்கலாம். ஆனா வெள்ளணு மட்டும் ரொம்பி வழியுது."

"மடிநோய்தான். நான் கண்ணால பாத்தேன்."

"மடில நோய் இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. மடிலதான் ஆரம்பிச்சிச்சான்னு கேக்கறேன். ரெண்டு பக்கமும் ஒரே நாள்லயா வீங்குச்சி?"

"ஆமா."

"ஒரே அளவுக்கு?"

"ஆமா."

"கிருமி காம்பு வழியா போயிருந்தா, ரெண்டு பக்கமும் பேசி வெச்ச மாதிரி ஒரே நாள்ல ஏன்டா வீங்கணும்? குட்டி போட்டு எத்தன நாளு? நஞ்சு எப்ப விழுந்துச்சி?"

அப்போதுதான் எனக்கு 'மறுநாளு மத்தியானம்' என்பது கேட்டது. சனிக்கிழமை சொன்னது, புதன்கிழமை கேட்டது.

அவள் விடவில்லை. "வாலைத் தூக்கிப் பாத்தியா?"

"பின்புறம் சுத்தம்னு நோட்டுல எழுதியிருக்கேன்."

"நோட்ட வுடு. வாலைத் தூக்கிப் பாத்தியா?"

இல்லை. ஐந்து நாள், ஐந்து தடவை. ஆட்டின் முன்னால் உட்கார்ந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், அடியில் தலையைக் கொடுத்தேன். பின்னால் மட்டும் போகவில்லை.

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்கினால் கிருமி பெருகும். சில வகைக் கிருமிகளின் மேல்தோலிலேயே எண்டோடாக்ஸின் என்று ஒன்று இருக்கும். கிருமி செத்தாலும் அது சாகாது. ரத்தத்தில் கலந்து சுற்றும். மடிக்குள் ரத்தத்தையும் பாலையும் பிரித்து வைக்கும் சுவர் ஒன்று இருக்கிறதே, அதன் இடுக்குகளை அது தளர்த்திவிடலாம். வெள்ளணுக்கள் படையெடுத்து வரும். மடியில் ஒரு கிருமிகூட இல்லாமலே மடி வீங்கலாம். அப்படித் தளர்ந்த மடிக்குள் வெளிக்கிருமி நுழைவதும் சுலபமாகிவிடலாம். ஆடுகளில் இப்படி நடக்கலாம் என்று படித்திருப்பதாகவும், இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருப்பதாகவும் சொன்னாள். "எல்லாத்துக்கும் 'லாம்' போட்டுத்தான் சொல்றேன், கவனிச்சிக்கோ. உன் ஆட்டுல அதுதானான்னு வாலைத் தூக்குனாத்தான் தெரியும். ஜல்தி போ."

போன் வந்தபோது நான் வேறு ஊரில் தடுப்பூசி முகாமில் இருந்தேன். முடியும்போது இருட்டிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் கழுவித் துடைத்த ஆட்டையே ஆறாவது தடவையும் பார்த்திருப்பேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். அக்கா வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார்.

"இன்னா சார், நாங்க பல்லுகூட வெளக்கல. அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஆட்டைக் கழுவிட்டீங்களா?"

"ஐயோ இன்னும் இல்ல சார். நீங்க செத்த அந்தாண்ட நில்லுங்க, தோ கழுவிக்கினு வந்துடறேன்."

"கழுவாதீங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

வாலைத் தூக்கினேன். குனிந்தவன் அப்படியே இரண்டடி பின்னால் வந்தேன். அந்த வாடையை எழுதத் தேவையில்லை. ஒருமுறை முகர்ந்தால் உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. தொடையில் பழுப்பாக வழிந்து காய்ந்திருந்தது.

"அக்கா, சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களே?"

"சுத்தமாத்தான சார் இருந்துது? டாக்டரு வர்றாரு, அதுவும் கல்யாணம் ஆவாத புள்ள, அதப்போயி காட்டுவாங்களான்னு தெனம் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி, சாம்பிராணி வேற போட்டு வெச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? என் கேள்விக்கு அவர் சரியான பதில்தான் சொன்னார். சுத்தமா என்று கேட்டேன், சுத்தம் என்றார். சாம்பிராணி எதற்கு என்று கேட்டிருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும்.

பிறகு செய்த மருத்துவத்தை எழுதவில்லை. அது உங்களுக்குத் தெரியும். கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ஏழுமலை அண்ணனும் வந்து நின்றிருந்தார், தோளில் அந்தக் கயிற்றோடு. மறுநாள் வெள்ளிக்கிழமை. இருவருக்கும் விளக்கவேண்டும்.

"கர்ப்பப்பையில கிருமி சேர்ந்திருக்கு. மூல நோய் அங்கதான். அந்தக் கிருமியோட எண்டோடாக்ஸின்…"

"அப்டின்னா?" என்றார் அக்கா.

நான் தமிழில் ஒரு சொல் தேடினேன். உண்மையாகத் தேடினேன். அகராதியில் உள்ளதும் அதுதான், வாயில் வந்ததும் அதுதான்.

"அது வந்து… நஞ்சு."

"அது எங்க போவுதாம்?"

"ரத்தத்துல கலந்து…"

"கலந்து?"

"மடிக்கு."

அக்கா வீட்டுக்காரர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "கேட்டுக்கினியாய்யா?" என்றார். பிறகு உள்ளே போனார். மகளின் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு சாக்பீஸ் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். தரையில் என் சனிக்கிழமை ஆடு, குளம்பு பட்டுப் பாதி அழிந்து, இன்னும் படுத்திருந்தது.

"ரத்தத்த போடுங்க சார்."

குந்தி உட்கார்ந்து போட்டேன். கர்ப்பப்பையிலிருந்து ஒரு கோடு மேலே போய், இதயத்தைச் சுற்றி, மடிக்கு இறங்கியது. நான் பட்டம் வாங்கிய நாளில்கூட அத்தனை கவனமாக ஒரு கோடு போட்டதில்லை.

ஏழுமலை அண்ணன்தான் கேட்டார். "படமெல்லாம் சரி சார். தேறுமா? ஒரே பேச்சா சொல்லுங்க. சந்தைக்கு ஏத்தறதா, வேணாமா?"

நான் உங்களுக்கு எழுதுவதே இந்த நொடிக்காகத்தான். தேறும் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அக்கா வேனில் ஏறவேண்டாம், அந்தப் பெண் பள்ளிக்குப் போவாள். என் அம்மா அப்பா வேனில் ஏறிய வருடங்கள் எனக்குத் தெரியும். நானும் ஒரு வருடம் ஏறியிருக்கிறேன். ஆனால் தேறாமல் போனால்? அந்த வீட்டுக்கு ஆடும் இல்லை, வேனும் போயிருக்கும்.

"தெரியாதுண்ணே" என்றேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள காய்ச்சல் இறங்குனா தேற வாய்ப்பு நல்லா இருக்கு. இறங்கலன்னா கஷ்டம். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். நாளைக்கு சந்தைக்கு ஏத்தக் கூடாது. நான் போட்ட மருந்தெல்லாம் உடம்புல இருக்கு. அது தீர்ற வரைக்கும் ஆடு கறிக்குப் போகக் கூடாது, பாலையும் யாரும் குடிக்கக் கூடாது. பாலைச் சொன்னேன், கறியைச் சொல்லல. சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். அதுவும் என் தப்பு. பாக்க வேண்டிய எடத்த அஞ்சு நாளா பாக்காம வுட்டதும் என் தப்பு. அக்கா மொத நாளே சொன்னாங்க, நான்தான் கேக்கல."

அண்ணன் தோளிலிருந்து கயிற்றை உருவினார். பிறகு அதைக் கொட்டகை ஆணியில் மாட்டினார்.

"தேறும்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன் சார்" என்றார். "தப்புன்னு சொல்றீங்க பாருங்க, அதான் யோசன பண்ண வேண்டியதா இருக்குது." அக்காவைப் பார்த்து, "நான் மட்டும் போறேன். ஆடு எப்டி இருக்குதுன்னு தெனம் போன் பண்ணு. என்ன எப்டி இருக்கேன்னும் ஒரு வார்த்த கேளு" என்றார்.

"மொதல்ல ஆடு. அப்பறம் நீ" என்றார் அக்கா.

சனிக்கிழமை வேன் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தார். பேச்சு எதுவும் இல்லை, கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. "இன்னான்னு தெரிதா சார்? மல்லாட்டக் கொடி. போன அது வாயாண்ட வெச்சிருக்குறேன்." நான் போய்ப் பார்த்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் மடி தளர்ந்தது. கதையில் வருவது மாதிரி எல்லாமே சரியாகிவிடவில்லை. வலது பக்கம் அந்த ஈற்று முழுக்கக் குறைவாகத்தான் கறந்தது. ஐந்து நாள் பிந்தியதன் விலை அது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெள்ளச்சி இருந்தது, மூன்று குட்டிகளும் இருந்தன, அந்தப் பெண் ஒன்பதாவது முழுப் பரீட்சை எழுதினாள்.

இதற்குப் பிறகு எனக்கு வேறொரு நோய் பிடித்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். இரண்டு மாதம் எந்த ஆடு வந்தாலும் வாலைத் தூக்கினேன். காலில் முள் குத்திய ஆட்டின் வாலைத் தூக்கினேன். முகாம் ஒன்றில் அவசரத்தில் ஒரு கிடாவின் வாலையும் தூக்கிவிட்டேன். அது திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திண்டிவனத்துக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன், மடிநோய் என்றாலே கர்ப்பப்பைதான் காரணம் என்று. கழுவிக் கழுவி ஊற்றினாள். "போன மாசம் காம்பை மட்டும் பாத்த, இந்த மாசம் வாலை மட்டும் பாக்கற. ஆட்ட எப்படா பாக்கப் போற?" பெரும்பாலான மடிநோய் காம்பு வழியாக வருவதுதான். ஈன்ற புதிதில், இரண்டு பக்கமும் சேர்ந்து, பாலில் கிருமி இல்லாமல் வீங்கினால் பின்னாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது. ஒரே ஒரு ஆட்டைப் பற்றித்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "நஞ்சு ஏறிட்சின்னு சொன்னீங்களே, எந்த நஞ்சக்கா? கொடியா, விஷமா?"

"இது இன்னா சார் கேள்வி? வெளிய வுழுந்தா கொடி. உள்ள தங்குனா விஷம். ரெண்டும் ஒண்ணுதான?"

ஐந்தரை வருடப் படிப்பில் யாரும் எனக்கு இதை இத்தனை சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் வேறு என்னென்ன சொல்வார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எல்லாம் சரியாக இருக்காது. பாதி தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் படம் வரைவதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்த அந்தக் கடைக்குட்டி பெட்டைக்குட்டி. காய்ச்சல் இறங்கிய வாரமே அக்கா அதற்குப் பெயர் வைத்துவிட்டார். கொழாயி.

"இது இன்னாக்கா பேரு?"

"நீங்க வெச்சதுதான் சார். அதுக்கும் இதுக்கும் கொழாயே கெடையாதுன்னு அன்னிக்கு அம்மாம் நேரம் சொன்னீங்களே. ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்னு வெச்சேன்."

தெருவே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

மாற்றல் ஆணை வந்த மறுநாள், போன வாரம், அக்காவிடமிருந்து போன்.

"சார், கொழாயி இந்த ஈத்துக்கு ரெண்டு குட்டி போட்டுட்சி. நஞ்சு பொழுது சாயறதுக்குள்ள முழுசா வுழுந்துட்சி. நானே வால தூக்கிப் பாத்துட்டேன். மோந்தும் பாத்துட்டேன். இன்னும் கழுவல, சாம்பிராணியும் போடல. நீங்க வர்றீங்களா, இல்ல புது டாக்டரு வந்து படம் போட்டுக் காட்டுவாரா?"

புது டாக்டர் வருவார் என்று சொல்லியிருக்கிறேன். சாக்பீஸ் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. வெள்ளையோடு சிவப்பும் வைத்திருக்கிறேன்.